ரஜூலாவும் ரோனாவும்

நாகைப்பட்டினத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்களுக்குச் சாதாரணமாக மூன்று காரியங்கள் இருக்கும். காயாரோகணேசுவரரையும் நீலாயதாட்சி அம்மனையும் தரிசிப்பது ஒன்று. வடக்கே ஐந்து கிலோமீட்டர் சென்று நாகூர் தர்காவில் வணங்குவது மற்றொன்று. தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போவது மூன்றாவது. இம்மூன்றையும் முடித்துக்கொண்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, மாலை வண்டியில் ஏறிவிடுகிறவர்களே அதிகம். நான்காவதாக ஒரு காரியம் உண்டு என்று நாம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அது, கடற்கரைக்குச் சென்று, இப்போது அங்கே நிற்காத கப்பல்களைப் பார்ப்பதாகும்.

இல்லாத கப்பலை எப்படிப் பார்ப்பது என்று கேட்கலாம். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், கீழ்வேளூர் வழியாக ரயிலில் வாருங்கள், பாதி விளங்கிவிடும். இருமருங்கும் நெல் வயல்; வாய்க்கால், மதகு, களத்துமேடு, மறுபடியும் நெல் வயல். இவ்வளவு நெல் விளைகிற சீமையில் பிறந்தவன் ஏன் கடல் கடந்து போகவேண்டும் என்று மனம் கேட்கும். இந்த ரயில் பாதையே அதற்கு ஒரு விடை. தென்னாட்டின் பழைய இருப்புப் பாதைகளுள் ஒன்றாகிய இது, 1861-ஆம் ஆண்டில் நாகையிலிருந்து தஞ்சைக்குப் போடப்பட்டு, அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளியை எட்டியது. உள்நாட்டுச் சரக்கைக் கடலுக்குக் கொண்டுவரவே அது போடப்பட்டது. ஆனால் சரக்கோடு மனிதர்களும் வந்தார்கள். நிலம் பண்ணையாருடையது, உழைப்பு மட்டும் தம்முடையது என்று இருந்த குடும்பங்கள், கங்காணி கொடுத்த முன்பணத்தை நம்பி மூட்டையும் முடிச்சுமாக வந்து இறங்கிய கடைசி ஸ்டேஷன் நாகையே.

நாகை கப்பலுக்குப் புதிய ஊர் அன்று. இராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் இங்கே சூடாமணி விகாரம் எடுப்பித்தார். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் தானமாக வழங்கப்பட்ட செய்தியைச் சொல்லும் செப்பேடுகள் இன்று ஹாலந்து தேசத்து லெய்டன் நகரின் பெயரால் வழங்குகின்றன. இராஜேந்திரன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தின் மீது கலம் செலுத்தினான். பிற்காலத்தில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர் அவர்களை நீக்கினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரை நீக்கினார்கள். இவ்வளவு பேர் போட்டியிட்ட துறைமுகம் எவ்வளவு ஆழமாக இருக்குமோ என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். பெரிய கப்பல் கரையில் வந்து ஒட்டி நிற்க இங்கே இடம் இல்லை. அது தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கடுவையாற்று முகத்துவாரத்திலிருந்து படகுகள் ஜனங்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு அலைமேல் ஏறி இறங்கிக் கப்பலை அடையவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் படகுப் பயணமே பாதிப் பிராணனை வாங்கிவிடும் என்பார்கள். கப்பலில் ஏறுமுன்பே கடல் தன் சுபாவத்தைக் காட்டிவிடும் துறைமுகம் இது.

சென்ற ஆண்டு நம்முடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இந்தக் கரைக்கு அழைத்துச் சென்றோம். கலங்கரை விளக்கைப் பார்த்தாயிற்று. சுங்கத்துறைக் கட்டிடத்தைப் பார்த்தாயிற்று. ஒரு பையன், “ஸார், இங்கேயிருந்து போன கப்பல்களில் எது நல்ல கப்பல்?” என்று கேட்டான். மோட்டார் வண்டிகளை ஒப்பிட்டுப் பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு இது இயல்பான கேள்வி. நாமும் ஆசிரியருக்குரிய பழக்கத்தின்படி எடை, நீளம், வேகம் என்று கணக்கைத் தொடங்கினோம். அந்தக் கணக்கை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். பிறகு அது போதுமா என்று பார்ப்போம்.

ஒரே வீட்டுப் பெண்கள்

நாகையிலிருந்து பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குப் பல காலம் ஜனங்களை ஏற்றிச் சென்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஓட்டப் பிறந்து, 1862-இல் இந்தப் பெயரைப் பெற்று, 1914-இல் பி. அண்டு ஓ. என்னும் பெரிய கம்பெனியுடன் சேர்ந்தது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று தெரியும்படி அதன் கப்பல்களுக்கெல்லாம் கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருக்கும். பெயர்களும் பெரும்பாலும் ‘ஆ’ என்ற ஓசையில் முடியும். அவற்றிற் பல நம் தேசத்து ஊர்ப் பெயர்கள். ரஜூலா என்பது சௌராஷ்டிரத்தில் உள்ள ஓர் ஊர். ரோனாவும் வடநாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயரே. கப்பல் அவர்களுடையது, பெயர் நம்முடையது, கூலியும் நம்முடையது என்று அந்நாளில் வேடிக்கையாகச் சொல்லத் தோன்றியிருக்கும்.

ரஜூலாவும் ரோனாவும் கூடப்பிறந்த கப்பல்கள். இரண்டும் 1926-இல் நீரில் இறங்கின. ரோனா இங்கிலாந்தில் டைன் நதிக்கரையில் ஹாதார்ன் லெஸ்லி பட்டறையில் கட்டப்பட்டது. ரஜூலா ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துப் பார்க்ளே கர்ல் பட்டறையில் கட்டப்பட்டது. ரோனாவின் கொள்ளளவு 8,602 டன். ரஜூலாவின் கொள்ளளவு 8,478 டன். இரண்டுக்கும் ஒற்றைப் புகைபோக்கி. இரண்டுக்கும் நீராவி எஞ்சின். ஆனால் ரோனாவின் எஞ்சினில் நீராவி நான்கு படிகளில் விரிந்து வேலை செய்யும். ரஜூலாவின் எஞ்சினில் மூன்றே படிகள். ஆகவே, பட்டறைக் கணக்குப்படி பார்த்தால் ரோனா ஒரு பிடி உயர்ந்தது என்று சொல்லவேண்டும்.

வேகத்தைப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொன்னோம். நாகையிலிருந்து பினாங்குக்கு நேர்கோட்டில் சற்றேறக்குறைய 1,250 கடல் மைல். கப்பல் மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் ஓடுவதாக வைத்துக்கொண்டால் நூற்று நான்கு மணி நேரம். அதாவது நான்கரை நாளுக்குக் கொஞ்சம் குறைவு. இடையில் கரை இல்லை, கடிதம் இல்லை. வயல் வரப்பைத் தவிர வேறு அகலத்தைக் கண்டிராத ஒருவனுக்கு நான்கரை நாள் வெறும் தண்ணீர்!

இக்கப்பல்களின் உண்மையான உருவம் எஞ்சின் அறையில் இல்லை, தளத்தில் இருந்தது. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அறைகள் சொற்பம். தளப் பிரயாணிகளோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறலாம் என்று அனுமதிப் பத்திரம் இருந்தது. நம் கிராமங்களில் ஐயாயிரம் ஜனம் உள்ளது பெரிய ஊர். அந்த ஊரை அப்படியே தூக்கி ஒரு கப்பலில் வைத்தாற்போல் இருக்கும். பாய் விரித்த இடம் வீடு. தலைமாட்டுப் பெட்டி எல்லைக்கல். ஹிந்துக்களுக்குத் தனிச் சமையல், முஸ்லிம்களுக்குத் தனிச் சமையல். மேலே துணிப் பந்தல், கீழே இரும்புத் தளம், நடுவே குழந்தைகளின் அழுகை. அக்கரை போனதும் நேரே ஊருக்குள் போய்விட முடியாது. பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூருக்கு அருகே செயின்ட் ஜான்ஸ் தீவு என்று நோய்த் தடுப்பு முகாம்கள் இருந்தன. தளப் பிரயாணிகள் அங்கே தங்கிப் பரிசோதனை முடிந்த பின்னரே வெளியே வருவார்கள். அறையில் வந்தவனுக்கும் தளத்தில் வந்தவனுக்கும் கடல் ஒன்றே. கரை மட்டும் வேறு.

இவர்களிற் பலர் சொந்தப் பணத்தில் டிக்கெட் வாங்கியவர்கள் அல்லர். 1907 முதல் மலாய் நாட்டுத் தோட்டக்காரர்களிடம் வரி தண்டி ஒரு நிதி அமைக்கப்பட்டது. தொழிலாளரின் கப்பல் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. ரப்பர் விலை ஏறினால் ஆள் வேண்டும். இறங்கினால் ஆள் திரும்பி வரவேண்டும். உலக மந்தம் ஏற்பட்ட 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் இதே கப்பல்கள் வேலை போனவர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இறக்கின. 1938-இல் இந்திய சர்க்கார், உதவிப் பணம் கொடுத்துக் கூலியாட்களை மலாய்க்கு அனுப்புவதைத் தடுத்து நிறுத்தியது. அதன் பிறகு தளத்தில் கூட்டம் மாறிற்று. வியாபாரிகள், நாகூர் மரைக்காயர்கள், கணவனிடம் போகும் பெண்கள், விடுமுறைக்கு வரும் குமாஸ்தாக்கள் ஆகியோரே அதிகம் ஏறினார்கள்.

சகோதரிகள் பிரிந்த கதை

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. இரண்டு கப்பல்களும் போர்ச் சேவைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. நாகைக்கும் மலாய்க்கும் இருந்த வழி அறுந்தது. யுத்தம் முடியும் வரையில் அங்கே இருந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று இங்கே தெரியவில்லை. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் எண்ணற்றோர் மாண்ட செய்தி பிற்பாடுதான் வீடு வந்து சேர்ந்தது. பல வீடுகளுக்கு அதுவும் வரவில்லை.

ரோனா மத்தியதரைக் கடலுக்குப் போயிற்று. 1943 நவம்பர் 26-ஆம் தேதி, ஏறக்குறைய இரண்டாயிரம் அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு, அல்ஜீரியாவின் கரையோரமாகக் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. ஜெர்மன் விமானம் ஒன்று, ரேடியோவினால் வழிநடத்தப்படும் புதிய வகைக் குண்டை அதன்மீது ஏவியது. கப்பல் மூழ்கியது. அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டும் 1,015 பேர் இறந்தனர். பயோனியர் என்னும் சிறு போர்க்கப்பல் இருட்டில் 606 பேரைக் கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. புதிய ஆயுதத்தின் பலனை எதிரி அறியக்கூடாது என்று அமெரிக்க சர்க்கார் இந்தச் செய்தியை மறைத்து வைத்தது. நெடுங்காலம் அந்த நாட்டுக் குடும்பங்களுக்கே முழு விவரம் தெரியவில்லை. 2000-ஆம் ஆண்டில்தான் அவர்களுடைய காங்கிரஸ் ரோனாவில் இறந்தோரை நினைவுகூர்ந்து தீர்மானம் நிறைவேற்றியது.

இந்தக் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. ரோனாவை ஓட்டிய மாலுமிகளில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். லஸ்கார்கள் என்று அழைக்கப்பட்டவர்கள். அவர்களில் நூறு பேருக்கு மேல் அன்று மாண்டனர். யுத்தத்தில் இறந்த இந்தியக் கடலோடிகளின் பெயர்கள் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவுப் பதிவேடுகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. எழுதி வைத்தது நல்லதே. ஆனால் அந்தப் பதிவேட்டை எடுத்துப் படிக்கிறவர் யார்? ஆயிரம் அமெரிக்கரின் பெயரை அவர்களுடைய பிள்ளைகள் தேடினார்கள். நம்மவரின் பெயரைத் தேடுவோர் எத்தனை பேர்?

ரஜூலா தப்பியது. யுத்தம் முடிந்தபின் மறுபடியும் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று தன் பழைய பாதைக்கே திரும்பிற்று. நான்கு படி எஞ்சினோடு பிறந்த ரோனா பதினேழு ஆண்டு வாழ்ந்தது. மூன்று படி எஞ்சினோடு பிறந்த ரஜூலா நாற்பத்தேழு ஆண்டு அந்தப் பெயரோடு ஓடியது. அடுத்தடுத்த தலைமுறையினர் அதே தளத்தில் பாய் விரித்தார்கள். ரப்பர்க் காட்டுக்குப் போனவனின் பேரன், சிங்கப்பூரில் பள்ளி ஆசிரியனாகி, பாட்டியைப் பார்க்க ரஜூலாவிலேயே வந்தான். தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களில் ‘ரஜூலா’ என்பது ஒரு கப்பலின் பெயராக இல்லாமல், கப்பல் என்பதற்கே பெயராகிவிட்டது.

நம் வீட்டுக் கப்பல்கள்

அந்நியன் கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தூத்துக்குடி மன்னிக்காது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரண்டு கப்பல்கள் 1907-இல் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. அவற்றோடு போட்டியிட்டது மேலே சொன்ன பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியேதான். கட்டணத்தைக் குறைத்தது, இனாமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. பிள்ளையவர்கள் 1908-இல் சிறை புகுந்தார்; சில ஆண்டுகளில் கம்பெனியும் மூடப்பட்டது. இரண்டு கப்பல்கள் பெரிய கம்பெனியின் ஒரு படையை எதிர்த்து நின்றதே பெரிது.

சுதந்திரம் வந்த பிறகு, நாகைக் கடலில் நம் தேசத்துக் கொடி பறக்கும் பிரயாணிக் கப்பல்கள் வந்தன. ‘ஸ்டேட் ஆப் மெட்ராஸ்’ ரஜூலாவோடு சேர்ந்து இதே பாதையில் ஓடியது. 1961-இல் இந்தியக் கப்பற் கழகம் அமைந்தது. 1972-இல் அது, 1966-ஆம் ஆண்டு பிரான்சில் கட்டப்பட்ட ‘பாஸ்டர்’ என்னும் கப்பலை வாங்கி, ‘சிதம்பரம்’ என்று பெயரிட்டது. அப்பெயரைக் கேட்டதும் பக்தர்களுக்குத் தில்லைத் தலம் நினைவுக்கு வரும்; மற்றவர்களுக்குக் கப்பலோட்டிய தமிழரும் நினைவுக்கு வருவார். கிழவி ரஜூலாவையும் 1973-இல் அக்கழகமே வாங்கி, அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரால் ‘ரங்கத்’ என்று அழைத்தது. அடுத்த ஆண்டே அது பம்பாயில் உடைக்கப்பட்டது.

‘சிதம்பரம்’ ரஜூலாவைப்போல் இரண்டு மடங்கு பெரியது. ஏறக்குறைய 18,000 டன். ஆனால் ரஜூலா ஏற்றிய கூட்டத்தில் ஒரு பகுதியைத்தான் அது ஏற்றியது. ஒவ்வொருவருக்கும் படுக்கை உண்டு. இரும்புத் தளத்தில் பாய் விரிக்கும் காலம் அதோடு முடிந்தது. ‘பெரிய கப்பல், குறைந்த ஜனம்’ என்பது லாபக் கணக்குக்கு நஷ்டமாகத் தோன்றலாம். மனிதக் கணக்குக்கு அதுவே முன்னேற்றம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அக்கப்பல் தீப்பற்றியது. உயிர்கள் பல போயின. அதன்பின் அது ஓடவே இல்லை. ஆகாய விமானம் நான்கரை நாளைச் சில மணி நேரமாக்கிவிட்ட காலம் அது; அதற்குப் பதிலாக வேறு கப்பலும் வரவில்லை. நாகைக் கடல் வெறிச்சென்று ஆயிற்று.

எது நல்ல கப்பல்?

கணக்கு இவ்வளவும் சொல்லி முடித்தபோது பக்கத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார் போலும். “வாத்தியாரய்யா, எடையும் நீளமும் எதுக்கு? போனவங்களைத் திருப்பிக் கொண்டாந்து விட்ட கப்பல்தான் நல்ல கப்பல்” என்றார். அவருடைய தாயாரின் அண்ணன் ஒருவர் யுத்தத்துக்கு முன்னே கப்பலேறியவராம். எந்தக் கப்பல் என்று பெயர் தெரியாது. ஒவ்வொரு கப்பல் நாளிலும் பாட்டி படகுத்துறைக்கு வந்து நின்றதுதான் தெரியும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதைக் கண்ட கரையில் நின்று ஒருவர் ‘திரும்பி வருவது’ என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள்ள கனம் டன் கணக்கில் அடங்காது என்பது பிள்ளைகளுக்கும் புரிந்தது.

மூதாட்டியின் அளவுகோல் சரியானது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைக் கப்பலின்மேல் மட்டும் வைப்பது நியாயமாகாது. ரோனா திரும்பாதது அதன் குற்றம் அன்று. ரஜூலா திரும்பி வந்தும், அதில் ஏறிப் போனவர் எல்லோரும் திரும்பவில்லை. ரப்பர்க் காட்டு மலேரியாவுக்கும் சயாம் காட்டு ரயிலுக்கும் அவர்களைப் பறிகொடுத்தது கப்பல் அன்று. ஒரு கப்பலை மற்றொரு கப்பலோடு ஒப்பிடும்போது, கட்டணம் யார் கொடுத்தது, தளத்தில் ஒருவனுக்கு எவ்வளவு இடம், அக்கரையில் அவனுக்கு என்ன மரியாதை, விரும்பியபோது திரும்பிவர அவனுக்கு உரிமை இருந்ததா என்பவற்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

அக்கேள்விகளுடன் இப்போது நாகைக்கு வருகிறவர்கள் சிறு படகொன்றையும் பார்க்கலாம். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி ‘செரியபாணி’ என்னும் வேகக் கப்பல் நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. சில நாட்களில் பருவ மழையினால் நின்றது. 2024 ஆகஸ்டு 16-ஆம் தேதி ‘சிவகங்கை’ என்னும் கப்பலைக்கொண்டு மீண்டும் போக்குவரத்துத் தொடங்கியது. நூற்றைம்பது பேர் அளவில் உட்காரலாம். ஏறக்குறைய அறுபது கடல் மைல். நான்கு மணி நேரம். ரஜூலாவின் ஐயாயிரத்துக்கு முன் இது எம்மாத்திரம் என்று சிரிக்கவேண்டாம். இதில் ஏறுகிறவன் தன் இஷ்டப்படி ஏறுகிறான். திரும்பும் நாளையும் தானே குறித்துக்கொள்கிறான். மூதாட்டியின் அளவுகோலில் இச்சிறு கப்பல் பெரிய கப்பல்களுக்கு இளைத்ததன்று.

நேயர்களிற் பலர் வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் அடியில் கப்பல் டிக்கெட்டின் துண்டோ, மலாய் நாட்டுத் தபால் முத்திரையிட்ட கடிதமோ, மூலை மடிந்த புகைப்படமோ கிடக்கலாம். அதைக் குப்பை என்று எறியாமல், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, யார் போனார், எந்த ஆண்டு போனார், எந்தக் கப்பலில் போனார், திரும்பினாரா என்று நான்கு வரி எழுதி அதனுடன் வையுங்கள். கப்பல்களின் எடையையும் நீளத்தையும் கம்பெனிக்காரர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். அவற்றில் போனவர்களின் பெயரை எழுதி வைக்கவேண்டியவர்கள் நாமே.